கணினி அறிவியல் விரியட்டும், ஆனால் யாருடைய பாடவேளையில்?

கணினி அறிவியல் எல்லா இடைநிலைப்பள்ளிகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதில் இன்றைக்கு யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. அமைச்சு சொல்கிறது, பெற்றோர் சொல்கிறார்கள். செராஸில் எம்.ஆர்.டி. பாதையை ஒட்டிய கடைவீட்டு மாடிகளைப் பாருங்கள், ‘கோடிங்’, ‘ரோபோட்டிக்ஸ்’ என்று பதாகைகளும் அதையேதான் சொல்கின்றன. நானும் வேண்டும் என்கிற பக்கம்தான். தமிழாசிரியர் என்பதால் எதிர்த்து எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

என் கேள்வி வேறு. பள்ளி நேரம் ரப்பர் அல்ல. ஒரு பாடம் விரிகிறது என்றால் அது யாருடைய பாடவேளைக்குள் நுழைகிறது, யாருடைய பிள்ளைக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது? இதைக் கேட்காமல் ‘விரிவாக்கம்’ என்ற சொல்லை மட்டும் நாம் பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் பின்னால் போவோம். கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவரும் ஆர்வம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1999இல் விவேகப் பள்ளி முன்னோடித் திட்டம் வந்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியர் கையில் மடிக்கணினியும் வகுப்பில் ஒளிப்படக் கருவியும் வந்தன. இவையெல்லாம் கணினியைக் கொண்டு வேறு பாடத்தைப் படிப்பிக்கும் முயற்சிகள். கணினி எப்படிச் சிந்திக்கிறது என்பதையே பாடமாக்கும் முயற்சி எல்லா மாணவரையும் மனத்தில் வைத்துத் தொடங்கியது 2017இல், கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டம் படிவம் 1இல் நுழைந்தபோதுதான். ‘ஆசாஸ் சாயின்ஸ் கொம்புத்தர்’, சுருக்கமாக ஏ.எஸ்.கே., அப்போது வந்தது. படிவம் 4, 5க்கு ‘சாயின்ஸ் கொம்புத்தர்’ என்ற எஸ்.பி.எம். பாடம்.

இந்தப் பாடத்திட்டத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். தமிழாசிரியர்களும் படிக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பெரிய சிக்கலைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது, தேவையற்றதை ஒதுக்குவது, கிடைத்த தீர்வைப் பொதுவாக்குவது என்று படிவம் 1 தொடங்குகிறது. பிறகு இரும எண், படமும் ஒலியும் எண்ணாக மாறும் விதம், ஸ்க்ராட்ச். மேலே போகப் போகப் பைத்தான், தரவுத்தளம், மறைகுறியாக்கம். படிவம் 4இல் ஜாவா, படிவம் 5இல் இணைய நிரலாக்கம். நல்ல பாடத்திட்டம். அவசரத்தில் ஒட்டியது மாதிரித் தெரியவில்லை. என் விமர்சனம் பாடத்தின் உள்ளடக்கத்தின் மேல் இல்லை.

விமர்சனம் எங்கே என்றால், அதற்கு ஒதுக்கிய நாற்காலியில். கீழ் இடைநிலையில் ஒரு மாணவர் ஏ.எஸ்.கே. அல்லது ஆர்.பி.டி., அதாவது வடிவமைப்பும் தொழில்நுட்பமும், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அந்த ‘அல்லது’ என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் கணினிபோலச் சிந்திக்கப் பழக வேண்டும் என்று முன்னுரையில் சொல்லிவிட்டு, கால அட்டவணையில் அதைத் தெரிவுப்பாடமாக வைத்தால் என்ன அர்த்தம்? தெரிவு யாருடையது என்று பார்த்தாலும், பெரும்பாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளையுடையது அல்ல. கணினிக்கூடம் வேலை செய்கிறதா, கற்பிக்க ஆள் இருக்கிறாரா என்று பார்த்துப் பள்ளிதான் முடிவு செய்கிறது. கூடம் இருந்து ஆசிரியர் இல்லாத பள்ளியும் உண்டு, ஆசிரியர் இருந்து கூடத்தில் பாதிக் கணினி இயங்காத பள்ளியும் உண்டு.

நம் செராஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ‘செராஸ்’ என்று சொல்லும் இடத்தின் ஒரு பகுதி கோலாலம்பூரில் இருக்கிறது, இன்னொரு பகுதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில். ஒரே சாலைதான், ஆனால் இரண்டு கல்வி இலாகா. ஒரே தமிழ்ப்பள்ளி வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிக்குப் போனால், ஒருத்தி மூன்று வருடம் நிரல் எழுதியிருப்பாள், இன்னொருத்தி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டாள். இரண்டு பேரும் படிவம் 4இல் ஜாவா வகுப்பில் சந்தித்தால் யார் திணறுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இங்கிலாந்தில் 2014இல் பழைய தகவல் தொழில்நுட்பப் பாடத்தை எடுத்துவிட்டு, ஐந்து வயதிலிருந்தே கணினியியல் என்று கட்டாயமாக்கினார்கள். மூன்று வருடம் கழித்து, 2017இல், அந்நாட்டு ராயல் சொசைட்டி நிலைமையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்ட பள்ளிகள் பதினாறு வயதுத் தேர்வுக்குக் கணினி அறிவியலை வழங்கவே இல்லை. எடுத்த மாணவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண்பிள்ளை. பணமும் திட்டமும் உள்ள நாட்டிலேயே பாடம் காகிதத்தில் ஒரு வேகத்திலும் வகுப்பறையில் வேறு வேகத்திலும்தான் நகர்ந்தது. ஆசிரியர் பயிற்சி பின்னால் வந்துகொள்ளும் என்று நினைத்ததுதான் அங்கே நடந்த பெரிய தவறு. நாமும் அதே வரிசையில் நிற்கிறோம்.

சரி, இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். எஸ்.பி.எம். மாணவர்களே, விரல் விட்டு எண்ணுங்கள். அறிவியல் பிரிவுப் பாடங்கள் எடுக்கும் ஒருவருக்கு மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறி என்று ஐந்து. கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்தால் ஒன்பது. தமிழ்மொழி பத்தாவது. இதற்கு மேல் தமிழ் இலக்கியம் எடுத்தால் பதினொன்று. கணினி அறிவியலும் எடுத்தால் பன்னிரண்டு. எத்தனை பேருக்கு இது முடியும்?

இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானது. 2009இல் எஸ்.பி.எம்.மில் பத்துப் பாடம்தான் என்று அமைச்சு அறிவித்தபோது நம் சமுதாயம் ஏன் கொதித்தது? தமிழும் தமிழ் இலக்கியமும்தான் முதலில் விழும் என்று தெரிந்ததால். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று ஆனது. சட்டம் அப்போது கதவைத் திறந்து வைத்தது. ஆனால் கால அட்டவணை அதே கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வருகிறது. இலக்கியம் பல பள்ளிகளில் இன்னும் பள்ளி நேரத்துக்கு வெளியேதான், மாலையிலோ சனிக்கிழமையிலோ, ஆசிரியரின் சொந்த உழைப்பில் நடக்கிறது. தமிழ்மொழி வகுப்பே குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. விளிம்பில் நிற்கும் பாடம் இது. பக்கத்தில் புதிதாக ஒரு பாடம் வந்து உட்காரும்போது யார் கீழே விழுவார்?

போன வருடம் ஒரு தாயார் பாடத் தெரிவு நாளில் என்னிடம் கேட்டார், “இலக்கியம் எதுக்கு டீச்சர், கோடிங் படிச்சா வேலை கிடைக்கும்ல?” அவர் கேட்டதில் தவறே இல்லை. லோரி ஓட்டும் கணவரின் வருமானத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிற ஒருவர் வேலையைத்தான் கேட்பார். ஆனால் அவர் முன்னால் பள்ளி வைத்த தாளில் கணினி அறிவியல் ஒரு பொதியில் இருந்தது; தமிழ் இலக்கியம் எந்தப் பொதியிலும் இல்லை, கீழே பேனாவால் எழுதிச் சேர்க்க வேண்டிய ஒன்றாக இருந்தது. தெரிவு அங்கேயே முடிந்துவிட்டது. அந்தத் தாளை வடிவமைத்தவர் தமிழை வெறுப்பவர் இல்லை. அவருக்கு ஆசிரியர் எண்ணிக்கையும் அறை எண்ணிக்கையும்தான் தெரியும்.

இந்த இடத்தில் நம்மவர்களையும் கொஞ்சம் விமர்சிக்க வேண்டும். இப்படி ஒன்று நடந்தால் நம் கூட்டங்களில் இரண்டு குரல்தான் கேட்கும். ஒன்று, ‘தமிழைக் காப்போம், கணினி நம் எதிரி’ என்கிற தொனி. இன்னொன்று, ‘தமிழை வீட்டில் பேசினால் போதும், எதிர்காலம் கணினியில்’ என்கிற தொனி. கே.எஸ்.எஸ்.எம். ஏட்டைப் படித்தவர் இரண்டில் எதையும் சொல்ல மாட்டார். கணினி அறிவியலின் பாதி வேலையே மொழி வேலைதான். கணினிக்குத் தமிழைச் சொல்லிக்கொடுத்ததில் நம் நாட்டவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் மலேசியர். தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் நடந்தது. உங்கள் கைப்பேசியில் இதை நீங்கள் தமிழில் படிப்பது தானாக நடந்ததல்ல.

ஏ.எஸ்.கே. பாடத்தில் ஆஸ்கி அட்டவணை வருகிறது. 128 இடங்கள் உள்ள அட்டவணை, அதில் ஆங்கிலப் பெரிய ‘ஏ’ எழுத்தின் எண் 65. மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழ் வகுப்பில் நாம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘க’வுக்கு என்ன எண்? ஆஸ்கியில் இல்லை. யூனிகோடில் 2965. தமிழுக்கென்று அங்கே ஒதுக்கிய கட்டத்திலும் 128 இடங்கள்தான், அவை எல்லாம் நிரம்பவும் இல்லை. அப்படியானால் 247 எழுத்து எப்படி அடங்கியது? இந்தக் கேள்வியை வைத்து ஒரு பாடவேளை ஓட்டலாம். ‘தமிழ்’ என்று எழுதி, இதில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். மூன்று என்பார்கள், சரி. பைத்தானிடம் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று கணினி எண்ணுகிறது. ‘கொடி’ நமக்கு இரண்டு எழுத்து, அதற்கு நான்கு. உயிர்மெய் என்றால் என்ன, சார்ந்து வரும் குறி என்றால் என்ன என்று இலக்கணத்தில் நாம் படிவம் 1இலிருந்து கத்திக்கொண்டிருப்பது அந்த நிமிடத்தில் புரிந்துவிடும்.

இன்னொன்று, இதை நான் வகுப்பில் செய்து பார்த்தது. எஸ்.பி.எம். மாணவர்கள் கவனிக்கவும், தேர்வுக்கும் உதவும். உடம்படுமெய்ப் புணர்ச்சியை நிரல் மாதிரி எழுதச் சொன்னேன். தாளில்தான், கணினி இல்லாமல். நிலைமொழி இ, ஈ, ஐயில் முடிந்தால் ‘ய்’ சேர்: மணி + அழகு, மணியழகு, பனை + ஓலை, பனையோலை. ஏயில் முடிந்தால் இரண்டும் வரலாம்: சேயடி, சேவடி. மற்ற உயிர் என்றால் ‘வ்’ சேர்: மா + இலை, மாவிலை. மூன்று நிபந்தனை, முடிந்தது என்று ஒரு பையன் பெருமையாக எழுந்து நின்றான். பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், “அப்போ வீடு + இல்லை?” அவன் நிரல்படி ‘வீடுவில்லை’. வகுப்பே சிரித்தது.

அங்கேதான் பாடம் தொடங்கியது. குற்றியலுகரத்தில் உகரம் கெடும், ‘வீடில்லை’ என்றாகும். எனவே அந்த நிபந்தனையை எல்லாவற்றுக்கும் முன்னால் சோதிக்க வேண்டும். சரி, குற்றியலுகரம் என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? வல்லின மெய்யில் ஏறிய உகரமாக இருக்க வேண்டும், ஆனால் தனிக்குறிலுக்கு அடுத்து வரக் கூடாது. அதனால்தான் பசு + இனம் ‘பசுவினம்’ ஆகிறது. அப்புறம் ‘அது + இல்லை’ என்று ஒருத்தர் கொண்டுவந்தார். தனிக்குறிலுக்கு அடுத்து வந்த முற்றியலுகரம்தான், ஆனாலும் ‘அதில்லை’ என்கிறோம். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அதையும் பார்த்துவிட்டு, முற்றியலுகரமும் சில இடத்தில் அப்படிக் கெடும் என்று விதிவிலக்கு வைத்திருக்கிறார். நிபந்தனைகளை எந்த வரிசையில் சோதிப்பது, எந்த விதிவிலக்கு எங்கே உடைக்கிறது என்று பார்ப்பதுதான் கணினி அறிவியல் ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கப் போராடும் விஷயம். யாப்பில் அசை பிரிப்பதும் இதே வேலைதான். அவலோகிதம் என்ற மென்பொருள் ஒரு பாவை உள்ளிட்டால் சீரும் தளையும் பிரித்துத் தந்துவிடும். இலக்கிய மாணவர்கள் பயன்படுத்திப் பாருங்கள், ஆனால் முதலில் கையால் பிரித்துவிட்டு.

ஆக, ‘கணினியா, இலக்கியமா’ என்ற கேள்வியைப் பாடம் கேட்கவில்லை. பொதித் தாள்தான் கேட்கிறது.

கலைச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4இலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கத்தின் தொடக்கத்தைப் பிள்ளைகள் தமிழில் படித்துவிட்டு வருகிறார்கள். படிவம் 1இல் அதே விஷயம் மலாயில் புதுப் பெயருடன் நிற்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்கள் தமிழிலேயே பைத்தானும் சி பிளஸ் பிளஸ்ஸும் கற்பிக்கின்றன. இலங்கையிலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தமிழ்வழியில் தேர்வுப்பாடம். இணையத்தில் கிடைக்கும் அந்தப் புத்தகங்கள் நம் பிள்ளைகளுக்குப் பாலமாகலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. அல்கோரிதத்துக்கு அங்கே ‘நெறிமுறை’ என்கிறார்கள். கணினிப் பிணையம் பற்றிப் பேசும்போது கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளுக்கும் அதே ‘நெறிமுறை’தான். நம் ஊரிலோ நெறி என்றாலே நன்னெறிக்கல்விதான் நினைவுக்கு வரும். படிவம் 2 மாணவன் என்ன செய்வான்? என் அபிப்பிராயம், ‘அல்கோரிதம்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் பொருளை விளக்குவதில் நேரம் செலவழிக்கலாம். தூய தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். ‘மாறி’, ‘நிரல்’, ‘தரவு’ போல ஒட்டிக்கொண்ட சொற்களை விடாமல் பிடித்துக்கொள்வோம், ஒட்டாததை விட்டுவிடுவோம்.

மாணவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். கட்டுரையில் கணினி பற்றித் தலைப்பு வந்தால், ‘இன்றைய நவீன யுகத்தில் கணினி இன்றியமையாதது’ என்று தொடங்குவதை நிறுத்துங்கள். திருத்துகிற எங்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். உங்கள் பள்ளியில் ஏ.எஸ்.கே. இருக்கிறதா, இல்லை என்றால் ஏன் இல்லை, உங்கள் வீட்டில் கைப்பேசி மட்டும் இருந்த கொள்ளைநோய்க் காலத்தில் வகுப்பு எப்படி நடந்தது என்று எழுதுங்கள். கருத்து தானாக வரும்.

2023 நவம்பரில் டிஜிட்டல் கல்விக் கொள்கை வெளியானது. 2027 புதிய பள்ளிப் பாடத்திட்டத்துக்குக் குறிக்கப்பட்ட ஆண்டு. பாடத்திட்டம் மாறும் நேரத்தில்தான் நாற்காலிகளை நகர்த்த முடியும். அதனால் ஆசிரிய நண்பர்களே, கருத்துக் கேட்கும் கூட்டம் எங்கே நடந்தாலும் தமிழ்ப் பாடவேளையைக் குறைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கணினி அறிவியலின் அடிப்படை கீழ் இடைநிலையில் எல்லாருக்கும் வேண்டும், ‘அல்லது’ இல்லாமல், தனக்கென்ற நேரத்துடன், பயிற்சி பெற்ற ஆசிரியருடன் வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்குக் கடைவீட்டு மாடி வகுப்புக்குக் கட்ட வசதியில்லை. பள்ளியில் கிடைக்காவிட்டால் எங்கும் கிடைக்காது. எல்லாரும் மூன்று வருடம் படித்துவிட்டால், படிவம் 4இல் அதை எஸ்.பி.எம். பாடமாக எடுக்காதவரும் வெறுங்கையோடு நிற்க மாட்டார். அந்த மூன்று வருடம் இல்லாததால்தான் பதினைந்து வயதில் எல்லாவற்றையும் ஒரே தெரிவில் போட்டுப் பிள்ளைகளை நெருக்குகிறோம்.

அதுவரைக்கும் பள்ளி அளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. படிவம் 4 பொதித் தாள் பல பள்ளிகளில் ஆண்டு இறுதியில்தான் பெற்றோர் கைக்கு வருகிறது. ஆனால் அதற்கு முன்பே அலுவலகத்தில் அது தயாராகிவிடும். துணைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள். கணினி அறிவியல் இருக்கும் பொதியில் தமிழ்மொழி இருக்கிறதா, இலக்கியத்துக்கு ஒரு வரி அச்சிட்டிருக்கிறதா, இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் சொல்லுங்கள்.